பூஜையில் உட்கார்ந்த பேபியம்மா

முத்தாலம்மாள் மருமகளிடம் எப்போதுதான் பேசுவாள் என்று கேட்டு இந்த வாரமும் வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். அரக்கோணத்திலிருந்து ஒரு அம்மா என்னைத் திட்டியே எழுதியிருக்கிறார். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அவள் என் பேச்சையும் கேட்பவள் இல்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்லபாக்கத்தில் சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்யும் கோதண்டத்தின் மனைவி முத்தாலம்மாள். மகன் பரணி, அவன் மனைவி வினிதா. கடைக்குட்டி நிஷா, பிளஸ் ஒன் படிக்கிறாள். வினிதா கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள். போன மாசி மாதம் அதை விட்டுவிட்டு, பத்தாவது பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்காக நாவல் எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அதைக்கூட மாமியார் பொறுத்திருப்பாள். ஆனால் மருமகள் வேலையை விட்ட சேதி அவள் காதுக்கு வந்தது காய்கறி வண்டிப் பக்கத்தில், எதிர்வீட்டு ரத்தினபாய் வாய் வழியாக. அன்றிலிருந்து முத்தாலம்மாள் வினிதாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் வாய் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கிரைண்டரிடம் பேசுவாள், குழாயிடம் பேசுவாள், குக்கரிடம் பேசுவாள், எல்லாம் வினிதாவுக்குக் கேட்கிற மாதிரி. "ஏ கிரைண்டரு, நீயாச்சும் சுத்தற. சில பேரு குந்துன எடத்துலயே குந்திகினு மாசக்கணக்கா இன்னாத்தையோ கிறுக்கிகினு கீறாங்க."

வினிதா முதலில் அழுதாள். பிறகு கவனித்துக் கேட்க ஆரம்பித்தாள். எழுதுகிறவள் புத்தி எங்கே போகும், கடைசியில் அத்தனையையும் தூக்கி நாவலில் போட்டுவிட்டாள். 'தண்ணி லாரி வரும் நேரம்' என்ற அந்த நாவலில் தெருக் குழாயடியையே ஆட்டிவைக்கும் பேபியம்மா என்று ஒருத்தி வருகிறாள். அவள் பேச்சில் பாதி முத்தாலம்மாளுடையது. இந்த ரகசியம் வீட்டில் நிஷாவுக்கு மட்டும்தான் தெரியும். அச்சுக்குப் போகும் முன்பே அண்ணியின் நாவலை முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

புத்தகம் வந்த நாளிலிருந்து வினிதாவின் கால் வீட்டில் தங்கவில்லை. ஜெராக்ஸ் கடை கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினாள். மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் கடற்கரை வரை போய்த் திரும்பி, காலேஜ் பெண்களிடம் முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள். இன்டர்நெட்டில் தன் பிளாக்கில் தினமும் எழுதினாள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரைப் பார்க்க இரண்டு தடவை பெஞ்சில் காத்திருந்துவிட்டு வந்தாள். புத்தகத்தை எழுதுவது ஒரு வேலை என்றால், அதைப் படிக்கிற பிள்ளையின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

இத்தனைக்கும் பலனாக ஒரு அழைப்பு வந்தது. அஸ்தினாபுரம் குடியிருப்போர் சங்க ஹாலில் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகக் கொண்டாட்டம். ஏற்பாடு செய்தவர் சங்கச் செயலாளர் ஏகநாதன், பேங்க் மேனேஜர். பொருத்தமான நாளாக இருக்கட்டும் என்று ரொம்ப யோசித்து ஒரு நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார். சரஸ்வதி பூஜை, சாயங்காலம் ஐந்து மணி.

உங்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். மனுஷருக்கு அப்போது தோன்றவில்லை.

பூஜை அன்று காலை வினிதா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, பதிப்பாளர் சாம்பசிவன் அனுப்பியிருந்த அட்டைப்பெட்டி காலியாக இருந்தது. திடுக்கிட்டுப் போய்க் கூடத்துக்கு ஓடினாள். அங்கே சரஸ்வதி படத்துக்கு முன்னால், பட்டுத்துணி விரித்த பலகையின்மேல், அவளுடைய புத்தகங்கள் அத்தனையும் கோபுரமாக அடுக்கியிருந்தன. மேலே ஒரு முழம் கதம்பம். பக்கத்தில் கடைத் தராசும், நிஷாவின் பிசிக்ஸ் புத்தகமும், பரணியின் லேப்டாப்பும் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தன.

பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக் கூடாது, படிக்கக் கூடாது. இது முத்தாலம்மாள் வீட்டுச் சட்டம் மட்டுமில்லை, ஊர்ச் சட்டம்.

 வினிதா சாம்பசிவனுக்கு போன் போட்டாள். அவர் அச்சகத்தில் மெஷினுக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். மீதிப் புத்தகமெல்லாம் பைண்டிங்கில் இருக்கிறது, பைண்டர் பூட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார். மாமனார் கோதண்டத்திடம் போய் நின்றாள். அவர் லாரிக்கு மாலை போட்டுக்கொண்டே, கேட்டுப் பாரும்மா, ஆனா நான் சொன்னதா சொல்லாதே என்றார். நல்ல மனுஷர், பாவம்.

வேறு வழியில்லாமல் வினிதா சமையலறை வாசலில் நின்று, "அத்தை, அஞ்சு மணிக்கு அஸ்தினாபுரத்துல..." என்று ஆரம்பித்தாள்.

முத்தாலம்மாள் திரும்பவில்லை. கையிலிருந்த குத்துவிளக்கைத் துடைத்தபடி அதனிடம் சொன்னாள். "வெளக்கே, தெரியாதவங்களுக்கு நீயே எடுத்துச் சொல்லு. அதுல சரஸ்வதி குந்திகினு கீறா. நாளைக்குக் காலைல எழுப்பிக்கலாம்."

இது மரியாதையா, பழிவாங்கலா? வினிதாவுக்குப் பிடிபடவில்லை. நிகழ்ச்சி இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்கும் தெரியும். ரெண்டு புத்தகத்தைப் பூஜையில் வைத்தால் போதாதா, பெட்டியோடு கவிழ்க்க வேண்டுமா? தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்று மனசு பொருமியது.

பரணி ஒரு யோசனை சொன்னான். அம்மா லாரிக்குப் பூசணிக்காய் சுற்ற வெளியே போகும்போது, அடியிலிருந்து பத்துப் புத்தகத்தை உருவிக்கொண்டு அந்த இடத்தில் பழைய டெலிபோன் டைரக்டரியைச் சொருகிவிடலாம், மேலே பூ இருப்பதால் தெரியாது என்றான். இப்படி ஐடியா கொடுப்பதற்கென்றே சில புருஷன்மார்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வினிதா போனாள். பொய் சொல்வானேன், ஆசை அவளுக்கும் இருந்தது. வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. பலகைக்கு முன்னால் மண்டியிட்டு, அடியிலிருந்த புத்தகத்தில் கை வைத்தாள். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. அவசரத்தில் அப்பியது இல்லை. அட்டைப் படத்தில் குடத்தோடு ஓடும் பெண்ணின் முகத்தில் படாமல், நாவலின் தலைப்பில் படாமல், கீழே 'வினிதா பரணி' என்று அச்சாகியிருந்த பெயருக்கு நேர் மேலே, நெற்றிக்கு வைக்கிற மாதிரி வைத்திருந்தது. ஒன்றை நகர்த்தி அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். ஒரு புத்தகத்தில்கூடப் பெயரின் ஒரு எழுத்து மறையவில்லை.

வினிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாசி மாதத்திலிருந்து தன் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாத மனுஷி, விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து இத்தனை தடவை அந்தப் பெயருக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். கையை எடுத்துவிட்டாள். நகர்த்தியதைச் சரியாக வைத்துவிட்டு எழுந்தாள்.

புத்தகம் இல்லாமலேயே போகிறேன் என்று பரணியிடம் சொல்லிவிட்டு நிஷாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் பூசணித் துண்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்த முத்தாலம்மாள் மருமகளின் வெறும் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, துடைப்பத்திடம்கூட.

அஸ்தினாபுரத்தில் ஏகநாதன் இடிந்துபோய் நின்றிருந்தார். பிள்ளைகள் ஹால் கொள்ளாமல் வந்திருந்தார்கள். படி படி என்று யாரும் விரட்ட முடியாத ஒரே நாள் ஆயிற்றே, வராமல் இருப்பார்களா? ஆளுக்கு ஒரு பிடித்த புத்தகம் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார். ஒருவர் கையிலும் ஒன்றுமில்லை. எல்லாம் அவரவர் வீட்டில் சந்தனப் பொட்டோடு இருந்தது. அவருடைய சொந்தப் புத்தகங்களையே அவர் மனைவி பூஜையில் ஏற்றிவிட்டாராம். மேடம் எப்படியும் கொண்டுவந்துவிடுவீர்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன் என்று வினிதாவின் வெறும் கையைப் பார்த்துச் சொன்னார்.

வினிதா மேடையில் ஏறினாள். முன்வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விட்டான்.

"இன்னிக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது, படிக்கக் கூடாது," என்றாள். "கதை கேக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

இல்லை என்று கத்தினார்கள். மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். ஜமுனா என்ற பத்தாவது படிக்கும் பெண். நாளைக்குக் கணக்குப் பரீட்சை. தெருவுக்குத் தண்ணி லாரி வந்து நாலு நாளாகிறது. வீட்டில் ஒரு குடம் தண்ணிதான் மிச்சம். எழுதி வைத்ததைப் பார்த்துப் படிக்கும்போது வராத ஒரு வேகம் வாயால் சொல்லும்போது வந்தது. கொட்டாவிப் பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்துவிட்டான்.

பிறகு குழாயடிக் காட்சி வந்தது. பேபியம்மா வந்தாள். புத்தகத்தில் அவளை எழுதலாம், மேடையில் அவளைப் பேசித்தான் ஆக வேண்டும். வினிதா புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, தண்ணி வராத குழாயைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். முத்தாலம்மாள் ஆட்டுவாளே, அச்சு அசல் அதே மாதிரி. பிள்ளைகள் அதற்கே சிரித்துவிட்டார்கள்.

வாயைத் திறந்தபோதுதான் கடைசி வரிசை கண்ணில் பட்டது. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பெரிய அலுமினியக் குண்டானோடு, முத்தாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். இம்மாம் சுண்டலை யார் தின்பது என்று குக்கரிடம் நாலு தடவை கேட்டுவிட்டு, அவளே லாரியை எடுக்கச் சொன்னாள் என்று பிற்பாடு அவர் சொன்னார்.

வினிதாவின் வாய் அப்படியே நின்றது. நிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். இங்கேயே நிறுத்திவிட்டு வேறு இடத்துக்குத் தாவிவிடலாமா என்று வினிதா ஒரு நொடி யோசித்தாள். ஆனால் பேபியம்மா இல்லாமல் அந்தக் கதையே இல்லை. மறைத்துவைத்தால் இன்னொரு காய்கறி வண்டிப் பக்கத்தில் இதுவும் அவள் காதுக்குப் போய்ச் சேரும். ஒரு தடவை பட்டது போதாதா? நேராகவே கேட்கட்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டு, முழுக் குரலில் குழாயைக் கேட்டாள்.

"இன்னா நைனா, வர்றப்பவும் சொல்றதில்ல, போறப்பவும் சொல்றதில்ல. நெனச்சா வர்றதுக்கும் நெனச்சா போறதுக்கும் இது இன்னா சத்திரமா?"

ஹால் அதிர்ந்தது. கடைசி வரிசையில் மட்டும் ஒரு முகம் சிரிக்கவில்லை. குண்டானின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முத்தாலம்மாள் பார்த்தபடியே இருந்தாள்.

தெருவை ஏமாற்றித் தண்ணீரை ஓட்டலுக்கு விற்கும் லாரி எங்கே போகிறது என்று பார்க்க, பரீட்சைக்குப் போக வேண்டிய ஜமுனா பின்னாலிருந்து அதில் தாவி ஏறினாள். லாரி கிளம்பிவிட்டது. அங்கே வினிதா கதையை நிறுத்தினாள்.

ஒரே கூச்சல். அப்புறம் என்ன, பரீட்சை எழுதினாளா, புத்தகம் எங்கே கிடைக்கும், நாளைக்கே வேண்டும். எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்ற வார்த்தை வினிதாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். யாரையும் கேட்காமல் முடிவெடுத்ததில் வந்த வினைதானே இத்தனையும்.

"புத்தகமெல்லாம் எங்க அத்தை பூஜையில வெச்சிருக்காங்க. அவங்க எடுத்துக் குடுத்தாத்தான் உண்டு. அதோ, பின்னாடி உக்காந்திருக்காங்க."

அத்தனை தலையும் திரும்பியது. முத்தாலம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பழக்கம் விடுமா, மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துத்தான் பதில் வந்தது.

"ஏ குண்டானே, நாளைக்குக் காலைல பூஜை முடிச்சி எட்டு மணிக்கு மேல வரச் சொல்லு. குளிச்சிட்டு வரச் சொல்லு."

 அந்தக் கொட்டாவிப் பையன் எழுந்து, "டேய், பேபியம்மாடா," என்றான்.

பிள்ளைகள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். கைதட்டலா, விசிலா, சொல்லி முடியாது. குண்டானைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, இன்னொரு தடவை பேசச் சொல்லிக் கெஞ்சினார்கள். முத்தாலம்மாள் யாரையும் பார்க்காமல் ஆளுக்கு ஒரு கரண்டி சுண்டல் போட்டாள்.  அது கோபமா வேறு ஏதாவதா என்று மேடையிலிருந்த வினிதாவுக்குத் தெரியவில்லை.

 திரும்பி வரும்போது லாரியில் கோதண்டம் ஒரு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முத்தாலம்மாள் குண்டானைத் தொட்டியில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வினிதா பக்கத்தில் நின்று கழுவியதை வாங்கித் துடைத்தாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவில் நின்றாள். குழாயிடம் சொல்லப் போகிறாளா, தேய்க்கிற நாரிடம் சொல்லப் போகிறாளா என்று காத்திருந்தாள்.

"வினிதா."

கையிலிருந்த கரண்டி கீழே விழுந்து உருண்டது. கூடத்திலிருந்து நிஷா எட்டிப் பார்த்தாள். அங்கே குழாய் இருந்தது, கிரைண்டர் இருந்தது, குக்கர் இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு முத்தாலம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"கொழாயாண்ட நான் அப்டியா கேட்டேன்?"

"அத்தை, மன்னிச்சுக்குங்க. நான் உங்களைக் கேட்டுட்டு..."

"அது கெடக்கட்டும். நான் சத்திரமான்னு கேக்கல. உங்கப்பன் வூட்டு சத்திரமான்னு கேட்டேன். அப்பனை ஏன் எடுத்துட்ட? அது இல்லாம வேகமே இல்ல அதுல."

வினிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எங்கப்பாவாச்சே அத்தை," என்றாள்.

முத்தாலம்மாள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடியவில்லை, தோள் குலுங்கியது. அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலையை விட்டதை என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல என்றாள். அது சண்டைக்குரலே இல்லை. வினிதா ஆமாம் என்று தலையாட்டினாள். அவ்வளவுதான், மாசியில் தொடங்கியது அந்தச் சமையலறையில் அத்தோடு முடிந்தது. அரக்கோணத்து அம்மா, இப்போது திருப்தியா?

இருங்கள், சந்தோஷப்பட்டு முடித்துவிடாதீர்கள்.

முத்தாலம்மாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாரா வாரம் தொடர்கதை படிப்பவள், நாவல் என்றால் என்ன என்று தெரிந்தவள். தன்னையும் ஒருத்தி கதையில் வைத்திருக்கிறாள் என்றால் சும்மாவா? நாளைக்கு மறுபூஜை முடிந்ததும் முதல் புத்தகம் எனக்குத்தான், அந்தப் பிள்ளைகள் வருவதற்குள் பாதியாவது படித்துவிட வேண்டும் என்றாள். எதிர்வீட்டு ரத்தினபாயைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, பேபியம்மா வரும் இடத்தையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறாளாம்.

குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெருமையாகக் கேட்டாள். "ஏன் வினிதா, அந்தப் பேபியம்மா கடைசி வரைக்கும் வர்றாளா?"

வினிதா துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

ஆடி மாதத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, கஞ்சி கீது, வேணும்னா குடிக்கச் சொல்லு என்று மாமியார் கதவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று ஆத்திரமும் காய்ச்சலுமாக எழுந்து உட்கார்ந்து வினிதா எழுதியது பதினாலாவது அத்தியாயம். அதில் பேபியம்மா செத்துப்போகிறாள். சாவு மட்டுமா, பாடை கிளம்பும்போது தெருவில் ஒரு ஜீவன்கூட அழவில்லை என்று வேறு எழுதி வைத்திருக்கிறாள்.

"நாளைக்குப் படிச்சுத் தெரிஞ்சுக்குங்க அத்தை," என்று எப்படியோ சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். நிஷா அங்கே முகம் வெளுத்து நின்றிருந்தாள்.

"அண்ணி, அந்தச் சேப்டரை மட்டும் கிழிச்சுடலாமா? ஒரு புக்குல மட்டும்."

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொட்டு வைத்த புத்தகங்கள் கோபுரமாக உட்கார்ந்திருந்தன. விடிந்து பூஜை முடிகிற வரைக்கும் அவற்றை யாரும் தொடக் கூடாது.